மழலையருக்குக் கோடை விளையாட்டு முகாம்: முதல்முறை நடத்துவோருக்கு

கோடை விடுமுறை விட்டதும் ‘சம்மர் கேம்ப்’ நோட்டீஸ்கள் கதவிடுக்கில் வந்து விழும். ஓவியம், யோகா, அபாக்கஸ், கையெழுத்து, பொதுஅறிவு என்று எல்லாவற்றையும் பத்து நாளில் அடக்கியிருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படியோ போகட்டும். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அது ஒத்துவராது. இந்த வயதில் ஒரு பொருளோடு பழகவே இரண்டு நாள் பிடிக்கும். மூன்றாம் நாள்தான் அதை வைத்து ஏதாவது செய்து பார்க்கத் துணிவு வரும். தினம் ஒரு புதுப் பொருளைக் கையில் திணித்தால் அந்த மூன்றாம் நாள் வரவே வராது. ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

கணக்கு இது: 12 குழந்தைகள், 3 பெரியவர்கள், காலை 7.30 முதல் 10 மணி வரை, வாரம் 5 நாள், 4 வாரம். அபார்ட்மெண்ட் வளாகம், மண்டபம், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் மழலையர் பள்ளி, எங்கே நடத்தினாலும் இது பொருந்தும். 12-க்கு மேல் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். பெரியவர் ஒருவர் கூடுதலாக வந்தால் 4 குழந்தைகளைச் சேர்க்கலாம், வராவிட்டால் வேண்டாம்.

இடம்: நிழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வடக்குப் பார்த்த தாழ்வாரம் எப்போதும் குளிர்ச்சி என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆண்டின் பெரும்பகுதிக்கு அது சரி, மே மாதத்துக்கு மட்டும் சரியில்லை. ஏப்ரல் கடைசிக்குள் சூரியன் தமிழ்நாடு முழுவதையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. அதனால் மே மாதம் முழுக்க வடக்குப் பக்கத்தில்தான் வெயில் சாய்ந்து விழும். காலை நேரத்துக்குக் கட்டடத்தின் மேற்குப் பக்கம் நல்லது. பத்து மணி வரை சுவரின் நிழலே போதும். மரத்தடி என்றால் முகாம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் போய், 7.30-க்கும் 10-க்கும் நிழலின் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு வையுங்கள். இரண்டு கோடுகளுக்குள்ளும் அடங்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் மைதானம். நாம் நினைப்பதைவிட அது மிகவும் சிறியதாக இருக்கும்.

அடுத்து, தரையில் மண்டியிட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து சுற்றிலும் பாருங்கள். சம்ப் மூடி ஆடுகிறதா, கிணற்றுக்குக் கம்பிவலை இருக்கிறதா, தண்ணீர் நிரப்பிய உயரமான வாளி எங்காவது நிற்கிறதா? 20 லிட்டர் வாளியில் கால்வாசித் தண்ணீர் இருந்தாலே ஆபத்து. தலைகுப்புற விழும் சின்னக் குழந்தைக்குத் தானாக எழத் தெரியாது. தலைதான் அதற்குக் கனம். இரும்புச் சறுக்குமரமும் சிமெண்டுத் தரையும் ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கும். புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் குழந்தைக்கு அது வேண்டாம்.

செடிகளையும் பாருங்கள். அரளி, பொன்னரளி, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி நான்கும் நஞ்சு. குன்றிமணியின் நிறமே குழந்தையைக் கூப்பிடும். பல்லாங்குழிக்கு அதையே பயன்படுத்திய வீடுகள் உண்டு என்பதால் பாட்டிமார் சாதாரணமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முகாமுக்குள் ஒரு மணிகூட வரக்கூடாது.

சேர்க்கையின்போது எழுதி வாங்க வேண்டியவை

ஒரு அரைப்பக்கத் தாள் போதும். குழந்தையை வீட்டில் கூப்பிடும் பெயர், ஒவ்வாமை, வலிப்பு வந்ததுண்டா, எந்த மருந்து எடுக்கிறது, சிறுநீர் வந்தால் எந்தச் சொல்லில் சொல்லும், யார் வந்து அழைத்துப்போகலாம், உடனே எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்கள். ‘எந்தச் சொல்லில் சொல்லும்’ என்பதைப் பலர் கேட்பதில்லை. முதல் நாள் நனைந்த டவுசர்களில் பாதி அதனால்தான். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்பதற்கும் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். தண்ணீர் விளையாட்டில் அரைகுறை உடையோடு இருக்கும் குழந்தையின் படம் எந்தக் குழுவுக்கும் போகவேண்டாம்.

கழிப்பறைக்கு அழைத்துப்போகும் பெரியவர் யார் என்பதைத் தினமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதவு முழுக்கச் சாத்தக்கூடாது, இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காக இந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

முதல் இரண்டு நாள் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ ஓர் ஓரமாக உட்காரலாம். மூன்றாம் நாள் போகும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ‘அவன் பார்க்காதப்போ நழுவிடறேன்’ என்பார்கள். நழுவினால் அடுத்த நாள் குழந்தை புடவையை விடாது.

இரண்டரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

புதியவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் உட்காரவைத்து ‘பாடம்’, கடைசியில் ‘போய் விளையாடுங்க’. அதாவது வெயில் ஏறியபின் ஓட்டம். கோடையில் ஓட்டம் முதலில் வரவேண்டும்.

7.30 முதல் 8.10 வரை ஓட்டம்: கண்ணாமூச்சி, பந்து உருட்டுதல், வண்டி தள்ளுதல். ஐந்து வயதுக்காரர்களுக்கு நொண்டியும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வயதில் பலருக்கு ஒற்றைக்காலில் நிற்கவே வராது. பிறகு கைகால் கழுவி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பாட்டு. 8.25 முதல் 9.10 வரை அந்த வாரத்துப் பொருள். சிற்றுண்டி 20 நிமிடம். 9.30-க்குக் கதை. கதை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மீதி நேரம் பாயில் படுப்பதோ, கட்டைகளை அடுக்குவதோ, சும்மா இருப்பதோ அவரவர் விருப்பம். சும்மா இருக்கும் குழந்தையைப் பார்த்துப் பதறவேண்டாம்.

கதை ஒன்றையே மூன்று நாள் சொல்லுங்கள். முதல் நாள் கேட்பார்கள், இரண்டாம் நாள் கூடவே சொல்வார்கள், மூன்றாம் நாள் நரிக்கு வடை கிடைக்காமல் தாங்களே முடிவை மாற்றுவார்கள்.

வாரம் 1: தண்ணீர்

தண்ணீரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அழுதுகொண்டே வரும் குழந்தையும் தொட்டியைக் கண்டால் கையை விட்டுப் பார்க்கும். 60 செ.மீ. அகலமான பிளாஸ்டிக் டப் இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். ஒரு டப்புக்கு ஏறக்குறைய 22 லிட்டர் பிடிக்கும். சோப்பு கலக்காதீர்கள், முடிந்ததும் செடிக்கு ஊற்றலாம், தண்ணீர்த் தட்டுப்பாட்டில் பக்கத்து வீட்டாரும் முணுமுணுக்க மாட்டார்கள். டப்பைத் தரையில் வைத்து அடியில் சாக்கு விரித்தால் வழுக்காது. மொசைக், டைல்ஸ் தரை அறவே வேண்டாம்.

உள்ளே போட வேண்டியவை: டம்ளர் 4, புனல் 2, டீ வடிகட்டி, பஞ்சுத்துண்டு, அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி, ஓட்டை போடாத கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சியின் விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்திருக்க வேண்டும். இந்த இரண்டு கொட்டாங்குச்சிகளுமே ஒரு வாரத்தை ஓட்டிவிடும். ஓட்டையானதில் ஊற்றிக்கொண்டே இருக்கும் குழந்தை முதலில் அது நிறையவில்லை என்று கோபப்படும், பிறகு அடியில் விரலை வைத்து அடைத்துப் பார்க்கும், பிறகு அடைத்த விரலை எடுத்து எடுத்துச் சிரிக்கும். அந்த விரலைக் கண்டுபிடிக்கும் வரை பெரியவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.

பேசத்தான் வேண்டுமென்றால் கேள்வி கேட்காமல் நடப்பதைச் சொல்லுங்கள். ‘இது என்ன கலர்? எத்தனை டம்ளர்?’ என்றால் குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். ‘நீ ஊத்தறே, அது கீழ போயிட்டே இருக்கு’ என்றால் விளையாட்டு தொடரும். சொல்லும் காதில் ஏறும்.

ஒரு டப்புக்கு 4 குழந்தைகள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு பெரியவர். மீதி 4 பேர் மூன்றாம் பெரியவரோடு நீர்த்தூரிகையில் இருக்கட்டும்: பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் கால்வாசி மக் தண்ணீரும் கொடுத்துச் சுவரில் ‘வர்ணம்’ அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்து மறைவதைத் துரத்தித் துரத்தி அடிப்பார்கள். டப்பின் பக்கத்தில் இருக்கும் பெரியவர் கையில் போன் இருக்கக்கூடாது. எழுந்து போகவேண்டி வந்தால் குழந்தைகளை எழுப்பிவிட்டுத்தான் போகவேண்டும்.

வாரம் 2: மணலும் மாவும்

மணல் என்றால் சலித்த ஆற்றுமணல். கட்டுமானத்துக்கு வரும் எம்-சாண்டில் தூள் அதிகம், முனையும் கூர்மை. கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் மணலை விட்டுவிட்டுக் குயவரிடம் களிமண் வாங்குங்கள். மணல் குழி 20 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். தினமும் காலையில் பூவாளியால் தெளித்து ஈரமாக்க வேண்டும். காய்ந்த மணல் கண்ணில்தான் போகும், கோபுரமாக நிற்காது. இரவில் தார்பாலின் போட்டுச் சுற்றிலும் செங்கல் வைத்து மூடுங்கள். பூனைக்குத் திறந்த மணல்குழி கழிப்பறை. நாய், பூனை எச்சத்திலிருந்து புழுத்தொற்று வரும். மணல் விளையாடியபின் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் ஒருவரும் சிற்றுண்டிப் பக்கம் போகக்கூடாது.

மாவுக்குக் கடையில் வாங்கும் வண்ணக் களிமண்ணைவிட வீட்டில் பிசைவது நல்லது. 6 குழந்தைகளுக்கு அளவு: மைதா 2 கப், பொடியுப்பு அரை கப், சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கப். உப்பை முதலில் தண்ணீரில் முடிந்தவரை கரைத்துவிட்டுப் பிசையுங்கள். கரையாத உப்பு மாவில் நறநறக்கும், நகக்கண்ணில் காயம் இருந்தால் எரியும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக வரவேண்டும். மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் ஒரு நிறம், தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாறு ஊற்றினால் இன்னொன்று. மஞ்சள் உடையில் பட்டால் போகாது. பழைய உடையில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டாம் நாளே மாவு பிசுபிசுக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதால் வரும் வினை அது. ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். புளித்த வாடை வந்தால் தூக்கி எறியுங்கள். ஃபிரிட்ஜில் டப்பாவில் மூடி வைத்தால் நான்கைந்து நாள் வரும். வாயில் வைத்தால் ஒரு சிட்டிகைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உப்பு அதிகமான மாவை உருண்டையாக விழுங்கவிடக்கூடாது. தெருநாய்க்குப் போடுவதும் தவறு, நாய்க்கு இந்த அளவு உப்பு ஆபத்து.

நாலு, ஐந்து வயதுக்காரர்கள் இருந்தால் ஒரு வித்தை: மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், சிவந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தட்டைப்போலச் சுண்ணாம்பு கலந்து செய்தாலும் சிவக்கும்தான், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சோடாவே போதும்.

காகிதம் ஒட்டக் கோந்து காய்ச்சுவதானால் 1 பங்கு மைதாவுக்கு 4 பங்கு தண்ணீர். கெடாமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் போஸ்டர் ஒட்டுவோரிடம் உண்டு. அது நஞ்சு, இங்கே கூடாது. தினமும் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

வாரம் 3: சந்தை

மே மாதம் மாங்காய், வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, தர்பூசணி என்று தெருவே சந்தையாகக் கிடக்கும்போது அட்டையில் ஆப்பிள் படம் ஒட்டத் தேவையில்லை. நிஜ மாங்காய் 10, வெள்ளரிப்பிஞ்சு 10, எலுமிச்சை 10, இரண்டு கூடை, ஒரு விளையாட்டுத் தராசு. தராசை இரண்டு கொட்டாங்குச்சியையும் ஒரு ஹேங்கரையும் கயிற்றால் கட்டிச் செய்யலாம். காசுக்கு அட்டை வட்டங்கள். கடைக்காரர், வாங்குபவர், பை தூக்குபவர் என்று அவர்களே பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரியவர் ஒரு வாடிக்கையாளராக மட்டும் நுழையலாம்: ‘அண்ணாச்சி, சின்னதா ரெண்டு, பெருசா ஒண்ணு குடுங்க.’ சிறிது பெரிது, கனம் லேசு, ஒன்றுக்கொன்று இணை, எண்ணிக்கை எல்லாம் இந்தப் பேரத்துக்குள் வந்துவிடும். தனியாக ஒரு ‘கணக்கு நேரம்’ வைக்கவேண்டிய தேவையே எழாது.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை கொடுப்பது வழக்கம். மூக்கிலும் காதிலும் போவதற்கும் அதுவே வழி. மூன்று வயதுக்காரர் ஒருவர் இருந்தாலும் சிறு பொருள் வேண்டாம். அளவு பார்க்க அட்டையை 3.2 செ.மீ. குறுக்களவில் குழாயாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் முழுதாக நுழையும் எதுவும் தொண்டையை அடைக்கும். தண்ணீர் பாட்டில் மூடி நுழைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். எதையாவது மூக்கில் போட்டுக்கொண்டால் குச்சி விட்டு எடுக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வாரம் 4: பனையும் நிழலும்

நுங்கு தின்ற கோம்பைகளை நுங்கு வியாபாரி சும்மாவே கொடுப்பார். ஒரே அளவில் இரண்டு, நடுவே செருக 25 செ.மீ. குச்சி, தள்ளுவதற்குக் குழந்தையின் நெஞ்சளவு நீளத்தில் கவட்டைக் குச்சி. வண்டி தயார். அச்சுக் குச்சியின் முனை கோம்பைக்கு வெளியே நீண்டால் கணுக்காலைக் கீறும். வெளியே தெரியாதபடி நறுக்குங்கள். ஒரு கோம்பை பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் சில ரசிகர்கள் உண்டு. வெயிலில் மூன்று நாலு நாளில் கோம்பை சுருங்கி அச்சு கழன்றுவிடும், எறும்பும் மொய்க்கும். வாரத்தின் நடுவில் ஒருமுறை புதிது வாங்கிவிடுங்கள். கவட்டை முனையை வாயருகே வைத்துக்கொண்டு ஓடவிடக்கூடாது.

நிழலுக்கு 7.30 மணியும் 9.30 மணியும். ஒரு குழந்தையை ஒரே இடத்தில் நிறுத்தி, நிழலைச் சுண்ணாம்புக் கட்டியால் வரையுங்கள். மே மாதத்தில் காலை 7.30-க்கு நிழல் குழந்தையின் உயரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும், 9.30-க்கு உயரத்தைவிடக் குட்டையாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபின் ‘ஏன்?’ என்று குழந்தை கேட்கும். உடனே விளக்க ஆரம்பிக்காதீர்கள். ‘நாளைக்கும் இப்படி ஆகுமா பார்ப்போம்’ என்பதே இந்த வயதுக்கு ஏற்ற பதில்.

தண்ணீர், தின்பண்டம், வெயில்

‘தாகமா இருக்கா?’ என்று கேட்டால் விளையாடும் குழந்தை இல்லை என்றுதான் சொல்லும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி நாலு வாய் குடிக்கவையுங்கள். பெயர் எழுதிய அரை லிட்டர் பாட்டில் வீட்டிலிருந்து வரட்டும். திரும்பிப் போகும்போது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

12 பேருக்கு நீர்மோர்: தயிர் 300 மி.லி., கொதித்து ஆறிய தண்ணீர் 900 மி.லி., உப்பு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை. காலையில் கடைந்தது பத்து மணியைத் தாண்டக்கூடாது. தர்பூசணியில் விதை நீக்குங்கள். திராட்சை கொடுப்பதானால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். நுங்கு வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போகும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கொடுங்கள். முழு வேர்க்கடலையும் பாப்கார்னும் இந்த வயதுக்கு ஆகாது. கொண்டைக்கடலைச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். எல்லோரும் உட்கார்ந்துதான் தின்னவேண்டும்.

துவண்டு மடியில் சாய்வது, தலைவலி, வாந்தி, காலையிலிருந்து சிறுநீரே போகாமல் இருப்பது, போனாலும் அடர்மஞ்சளாக இருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்தி உள்ளே அழைத்துப்போய், ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடி நிலைமை மோசமாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. உடம்பு அனலாகக் கொதித்து, குழந்தை உளறினாலோ மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ அது வெப்பத்தாக்கு. வாயில் எதுவும் ஊற்றாமல், உடல் முழுக்கத் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பி அனுப்புவார்கள். வேர்வையோடு சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும். தளர்ந்த பருத்தி உடையும் மாற்றுடை ஒன்றும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

‘என்ன சொல்லிக்கொடுத்தீங்க?’

இரண்டாம் வாரம் இந்தக் கேள்வி வரும். கையில் ஒரு தாளோ பொம்மையோ வீட்டுக்கு வரவில்லையே என்ற குறை. அதற்காக ஆசிரியரே முக்கால்வாசி ஒட்டிக் குழந்தை பெயர் எழுதி அனுப்பும் கைவேலைகளில் இறங்காதீர்கள். ஒவ்வொரு குழந்தை பற்றியும் வாரம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: ‘ஓட்டைக் கொட்டாங்குச்சியை விரலால் அடைக்கக் கண்டுபிடித்தாள்.’ ‘கடைக்காரனாக இருந்தபோது மூன்று வரை கொடுத்தான், நான்கு கேட்டால் கூடையையே கொடுத்துவிட்டான்.’ இதை எழுத வேண்டுமென்றால் பார்த்திருக்க வேண்டும். அதனால் பெரியவர்களுக்கும் இது ஒரு கடிவாளம். எழுத்து எப்போது என்று வாதாடுவோருக்கு, 2022-இல் வெளிவந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமே 3 முதல் 8 வயது வரை விளையாட்டுவழிக் கற்றலைத்தான் மையமாக வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

கடைசி நாள் மேடை, மைக், ஒப்பனை வேண்டாம். பெற்றோரை 8 மணிக்கு வரச்சொல்லி டப், மணல், மாவு, சந்தை நான்கையும் விரித்து வையுங்கள். குழந்தைகள் அவர்களுக்குக் காட்டுவார்கள்.

மூடும் அன்று செய்யவேண்டிய வேலைகளில் ஒன்றை மறக்கவே கூடாது. டப், கொட்டாங்குச்சி, புனல், நுங்குக் கோம்பை எதிலும் தண்ணீர் நிற்கக்கூடாது. டெங்குக் கொசு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தும் உயிரோடிருக்கும். அதனால் டப்பின் உட்புறத்தைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கவிழ்த்து அடுக்குங்கள். கோம்பைகளைக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். மணலை முழுக்கக் காயவிட்டுச் சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த கோடைக்கு ஒருமுறை சலித்தாலே போதும்.